பறவை தெரியவில்லை, படம் தெளியவில்லை: குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பேரில்லாத ஏரி என்று எங்கே போய் வந்தாலும் புகார்கள் ஒன்றுதான். பறவையே இல்லை, பைனாகுலரில் ஒன்றும் தெரியவில்லை, படமெல்லாம் மங்கல், பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். இதில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி காரணமாக இருக்காது. வெயில் எந்தப் பக்கம், மணி எத்தனை, பறவை எவ்வளவு தூரம் என்ற மூன்றில் ஒன்றுதான் கோளாறாக இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறோம். சர்வீஸ் சென்டர் கடைசியில்தான் வரும். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்போ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

அறிகுறி: ஏரியில் பறவையே இல்லை

மாதத்தைப் பாருங்கள். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டுவது அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாவிட்டால் ஜனவரியிலும் மரங்கள் காலியாக இருக்கும். கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது போதும்.

மாதம் சரி என்றால் மணி. கூடு கட்டும் பறவைகள் காலையில் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இரை தேடப் போய்விடும், மாலை 4 மணியிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 1 மணிக்குப் போய் நிற்பவர்களுக்குப் பாதி மரம்தான் தெரியும். வேடந்தாங்கலுக்கு மாலை 4 முதல் 6, மற்ற ஏரிகளுக்கு விடிந்ததும் வரும் முதல் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதமும் மணியும் சரியாக இருந்தும் பறவை இல்லையென்றால் நீர்மட்டம். இதை யாரும் யோசிப்பதில்லை. மழை முடிந்து கலிங்கு வழிந்து ஓடும் ஏரி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நெடுங்கால் உள்ளானுக்கும் கொசு உள்ளானுக்கும் நாரைக்கும் அங்கே நிற்க இடம் இருக்காது. அவற்றுக்குக் கணுக்கால் முதல் முழங்கால் அளவு தண்ணீரும் அதற்குக் கீழே சேறும் வேண்டும். நிறைந்த ஏரியில் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், வாத்துகளைத்தான் தேட வேண்டும். உள்ளான்கள் வேண்டுமென்றால் அதே ஏரியின் மேல் பக்கத்துக்கு, அதாவது கரைக்கு எதிரே நீர் வந்து சேரும் சரிவான ஓரத்துக்குப் போங்கள். மதகுப் பக்கம் ஆழம், அங்கே நின்று தேடிப் பயனில்லை. பிப்ரவரிக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருக்கும் குட்டைகளில் எல்லாம் ஒன்றாகக் கூடும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பூநாரைகள் தென்படுவதும் பெரும்பாலும் தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான்.

அறிகுறி: பறவை இருக்கிறது, கிட்டப் போனதும் பறந்துவிடுகிறது

முதலில் சரிபார்க்க வேண்டியது நீங்கள் நடக்கும் பாதை. பறவையை நோக்கி நேராக நடந்தால் எந்தத் தூரத்திலும் அதற்குப் பயம். சாய்வாக, அதைப் பார்க்காதவர் போலக் கடந்து போகும் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறையுங்கள். கரையின் உச்சியில் நடந்தால் வானத்துக்கு எதிராக உங்கள் உருவம் முழுசாகத் தெரியும், சரிவில் இறங்கி நடந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. வெள்ளைச் சட்டையும் பளீர் மஞ்சளும் வேண்டாம்.

அடுத்தது, பறவை கொடுக்கும் எச்சரிக்கை. இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். மறுபடி தலையைக் குனிந்து மேயத் தொடங்கினால் இன்னும் நாலு எட்டு வைக்கலாம். உடம்பைத் தாழ்த்தி எச்சம் போட்டால் கிளம்பப் போகிறது என்று பொருள், கேமராவைத் தூக்கி ஷட்டர் பொத்தானில் விரலை வையுங்கள். வாத்துகள் உடனே பறக்காது, முதலில் மெல்ல எதிர்த் திசையில் நீந்தத் தொடங்கும். அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் மொத்தக் கூட்டமும் எழும்.

சாலையோர ஏரி என்றால் காரை விட்டு இறங்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் விளிம்பில் மடித்த துண்டை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாயுங்கள். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பறந்துபோகும் மீன்கொத்தி, காருக்குள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தாலும் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும்.

நிறுத்தியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆள்காட்டியோ நெடுங்கால் உள்ளானோ தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. தரையில், கூழாங்கல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாது. எங்கே இருக்கிறது என்று தேடாமல் வந்த வழியே, வந்த அடித்தடத்திலேயே திரும்புங்கள். தாய்ப் பறவை பத்து நிமிடம் விலகியிருந்தாலே வெயிலில் முட்டைக்கு ஆபத்து, காக்கைக்கும் அந்தப் பத்து நிமிடம் போதும். செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு வரவழைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் செய்து பழக்காதீர்கள்.

அறிகுறி: பறந்தபோது வெள்ளையாக இருந்தது, உட்கார்ந்ததும் காணவில்லை

கண்ணிலும் கோளாறில்லை, பைனாகுலரிலும் இல்லை. அது மடையான், சிலர் குருட்டுக்கொக்கு என்பார்கள். முதுகும் கழுத்தும் சேற்று நிறம், இறக்கை மட்டும் தூய வெள்ளை. இறக்கையை மடக்கியதும் வெள்ளை முழுவதும் முதுகுக்கு அடியில் போய்விடும். இறங்கிய இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அங்கேயே பைனாகுலரைக் கொண்டுபோங்கள், கோரைக்கு நடுவே கழுத்தைச் சுருக்கி நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வித்தை ஏரியில் கிடையாது.

அறிகுறி: பைனாகுலரில் ஒரு கண்ணுக்குத் தெளிவு, இன்னொன்றுக்கு மங்கல்

குடும்பத்தில் நாலு பேர் ஒரே பைனாகுலரைக் கைமாற்றும்போது வருவது இது. வலது கண் பக்கம் சுழலும் வளையம் ஒன்று இருக்கும் (சில மாடல்களில் நடுச்சக்கரத்தோடு சேர்ந்து). அது இடம் மாறியிருக்கும். சரிசெய்ய ஒரு நிமிடம்:

1. 30 முதல் 50 மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
2. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தால் எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும்.
3. இப்போது இடது முன்கண்ணாடியை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள்.
4. வளையம் நின்ற இடத்தில் சின்னதாக ஒரு டேப் துண்டு. அப்பாவுக்கு ஒரு நிறம், பாட்டிக்கு ஒரு நிறம்.

இதற்குப் பிறகு எந்தத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் மட்டும்தான். வளையத்தைத் திருப்பியும் ஒரு பக்கம் தெளியவே இல்லையென்றால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். ஊதுகுழலால் தூசியைத் தட்டிவிட்டு அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. புடவைத் தலைப்பு, சட்டை நுனி எல்லாம் பூச்சைக் கீறும்.

அறிகுறி: ஓரத்தில் கருப்பு நிழல், அல்லது நடுவில் கருப்புப் பிறை

கண்ணாடி போட்டவர் கண்வளையத்தை (கண்ணில் படும் ரப்பர் விளிம்பை) உள்ளே இறக்க வேண்டும், போடாதவர் முழுசாக வெளியே திருக வேண்டும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து, இரண்டு குழாய்களுக்கும் இடையேயான அகலம். மடக்கிக் குறுக்கிக்கொண்டே வாருங்கள், இரண்டு வட்டமும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்துங்கள். சினிமாவில் காட்டுவதுபோல எட்டைப் படுக்கப் போட்ட வடிவத்தில் தெரிந்தால் அது தவறான அகலம்.

குழந்தை ‘ஒண்ணுமே தெரியல’ என்றால் நம்புங்கள். வழக்கமான 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடியுள்ள) பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் பெரும்பாலும் 56 மி.மீ. சுற்றிலேயே நின்றுவிடும். ஆறேழு வயதுக் குழந்தையின் கண் இடைவெளி அதைவிடக் குறைவு. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அதில் இரண்டு கண்ணால் பார்க்க முடியாது. ஒரு குழாயில் ஒரு கண்ணால் பார்க்க விடுங்கள், அதுவே போதும். தனியாக வாங்குவதென்றால் கடைக்குக் குழந்தையையும் கூட்டிப்போய், 6 மடங்கோ 8 மடங்கோ உள்ள சின்ன பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 10 மடங்கைத் தொடாதீர்கள், பிள்ளைகள் கையில் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவரவே முடியவில்லை

பழக்கம்தான். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுகிறோம். முறை அதற்கு நேர்எதிர். வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே தூக்குங்கள். முதலில் அசையாத பெரிய பொருளில் பழக விடுங்கள்: எதிர்க்கரைப் பனைமரம், மதகுத் தூண், பிறகு நிற்கும் நாரை, கடைசியாகப் பறக்கும் கூழைக்கடா. ‘அதோ அந்த மரம்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘மதகிலிருந்து வலது பக்கம் மூணாவது மரம், உச்சிக்கு இரண்டு கிளை கீழே’ என்று சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி: பைனாகுலரில் ஒரே பறவை இரண்டாகத் தெரிகிறது, பார்த்துக்கொண்டிருந்தால் தலை வலிக்கிறது

அகலத்தைச் சரிசெய்தும் போகவில்லையென்றால் எப்போதோ கீழே விழுந்து உள்ளே ப்ரிசம் நகர்ந்திருக்கிறது. சோதனை இது: தூரத்தில் மொட்டைமாடிச் சுவர் போலக் கிடைமட்டமான கோடு ஒன்றைப் பாருங்கள். பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் கோளாறு உறுதி.

இதைத் திருகாணியைத் திருப்பி வீட்டில் சரிசெய்யப் போகாதீர்கள். நல்ல விலை கொடுத்து வாங்கியதென்றால் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புங்கள். சில ஆயிரத்துக்கு வாங்கியதென்றால் பழுதுக்கு ஆகும் கூலிக்குப் புதியதே கிடைத்துவிடும். அதையே கட்டாயப்படுத்திப் பயன்படுத்துவது கண்ணுக்குத் தேவையில்லாத வேலை.

அறிகுறி: கண்ணாடி முழுக்கப் பனி

வெளிப்பக்கம் என்றால் ஏசி கார்தான் காரணம். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் பட்டதும் வேர்க்கும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். ஏரிக்கு 15 நிமிடத்துக்கு முன்பே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள், அல்லது பையை மூடியபடியே இறக்கி 20 முதல் 30 நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். அந்த நேரத்தில் கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றவே கூடாது, கழற்றினால் ஈரம் சென்சாருக்குப் போய்விடும்.

பனி உள்பக்கம் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். போய்விட்டால் சரி. போகவில்லையென்றாலோ, போய்ப் போய்த் திரும்ப வந்தாலோ சர்வீஸ். தள்ளிப்போட்டால் பூஞ்சை வரும்.

அறிகுறி: படம் மங்கல்

இந்தத் தலைப்புக்குத்தான் வேலை அதிகம், ஏனென்றால் ‘மங்கல்’ என்று ஒரே பெயரில் ஐந்தாறு நோய்கள். படத்தைப் பெரிதாக்கி எது கூர்மையாக இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

*எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது.* கை அசைந்திருக்கிறது. 400 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சின்ன) சென்சார் கேமராவில் போட்டால் அது 600 போல. ஷட்டர் வேகம் குறைந்தது 1/640 நொடி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டட்டும். கரையில் உட்கார்ந்து முழங்கால்மேல் ஊன்றினால் இன்னும் நல்லது.

*கோரை கூர்மை, பறவை மங்கல்.* ஆட்டோஃபோகஸ் முன்னால் நிற்கும் கோரையையோ சம்பையோ பிடித்திருக்கிறது. ஃபோகஸ் பகுதியை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி அதைப் பறவையின் கண்மேல் வையுங்கள். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி புதிய கேமராக்களில் இருந்தாலும், கோரைக்குப் பின்னால் நிற்கும் நீலத் தாழைக்கோழியிடம் அது அடிக்கடி தோற்கும்.

*உடம்பு கூர்மை, இறக்கை நுனி மட்டும் மங்கல்.* ஷட்டர் வேகம் போதவில்லை. நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைக்கு 1/1250 முதல் 1/1600. ஆலாவுக்கும் மீன்கொத்திக்கும் 1/2500-க்கு மேல். இதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600 வரை ஏறினாலும் பயப்பட வேண்டாம். புள்ளிபுள்ளியான படத்தைக் கணினியில் ஓரளவு தேற்றலாம், மங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

*எதுவுமே முழுக்கக் கூர்மையாக இல்லை, ஷட்டர் வேகமும் சரி, ஃபோகஸும் சரி.* இங்கேதான் லென்ஸின்மேல் பழி விழுகிறது. முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை 9 மணிக்கு மேல், 60-70 மீட்டருக்கு அப்பால், காய்ந்த சேற்றின் மீதோ தார்ச்சாலையின் மீதோ பார்த்து எடுத்த படமா? அப்படியென்றால் கானல். கேமராத் திரையில் உருப்பெருக்கிப் பாருங்கள், பறவையின் விளிம்பு நெளிந்துகொண்டே இருக்கும். இதற்கு எந்த லென்ஸிலும் மருந்து கிடையாது. விலை உயர்ந்த லென்ஸ் நெளிவை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். கிட்டே இருக்கும் பறவையை எடுங்கள், அல்லது மறுநாள் 8 மணிக்குள் வாருங்கள். காரிலிருந்து எடுக்கும்போது எஞ்சின் ஓடினால் பானெட் சூடே கானலை உண்டாக்கும். ஏசி காற்று திறந்த ஜன்னல் வழியாக வெளியேறினாலும் அதே கதை.

*காலையில் கிட்டத்தில் எடுத்ததும் மங்கல்.* லென்ஸ் முன்னால் போட்டிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸில் மலிவான ஃபில்டர் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கும் மசியாவிட்டால் சோதனை: முக்காலியில் கேமராவை வைத்து, 10 மீட்டரில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, திரையில் பார்த்து ஃபோகஸ் செய்து ஒரு படம், வியூஃபைண்டரில் பார்த்து ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் திரை வழியாக எடுத்தது கூர்மை, வியூஃபைண்டர் வழியாக எடுத்தது மங்கல் என்றால் ஃபோகஸ் அளவு விலகியிருக்கிறது. மெனுவில் நுண்திருத்தம் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம், இல்லையென்றால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் போதாது. இரண்டு படமும் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்று வந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அதுவும் சர்வீஸ்தான்.

அறிகுறி: கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு, நீர்க்காகம் வெறும் கருப்பு நிழல்

பறவைக்குப் பின்னால் வெயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிழலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். பறவையின் நிழல் உங்களை நோக்கி விழுந்தால் எந்த அமைப்பும் உதவாது, கரையைச் சுற்றி வர வேண்டியதுதான். காலையில் ஏரியின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. வீட்டிலிருந்தே செல்போன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டு வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு செய்யலாம்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தும் கொக்கின் இறகு வரிகள் தெரியவில்லையென்றால் எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) −0.7 முதல் −1 வரை இறக்குங்கள். வானத்துக்கு எதிரே நீர்க்காகமோ பாம்புத்தாராவோ என்றால் +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். பறக்கும் பறவைக்குப் பின்னணி நொடிக்கு நொடி மாறும் என்பதால் தானியங்கி அளவு குழம்பும். அதற்கு மேனுவல்: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), 1/2000 என்று வைத்து ஒரு கொக்கை எடுத்துப் பாருங்கள். வெள்ளையில் வரி தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம், பின்னால் மரம் வந்தாலும் வானம் வந்தாலும் மாற்ற வேண்டாம். மேகம் மூடினால் மட்டும் மறுபடி பாருங்கள். விடிந்த முதல் மணி நேரத்தில் இதைவிட இரண்டு மடங்கோ நாலு மடங்கோ வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: படத்தில் பறவை கடுகளவு

தூரத்தின் கணக்கு இது. 100 மீட்டர் தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை நிற்கிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால் அது படத்தின் உயரத்தில் கால் பங்கு. முழுச்சட்ட சென்சார் என்றால் ஆறில் ஒரு பங்கு. செல்போனின் சாதாரண கேமராவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. விரலால் இழுத்துப் பெரிதாக்குவது அந்த நூற்றில் ஒரு பங்கை ஊதிக் காட்டும், விவரம் கூடாது.

செல்போன்தான் இருக்கிறது என்றால் இரண்டு வழி. ஒன்று, பறவையோடு ஏரியையும் சேர்த்து எடுங்கள்: மரம் நிறையக் கூடுகள், மாலை வானத்தில் திரும்பும் வரிசை, இவற்றுக்கு செல்போனே போதும். இரண்டு, பைனாகுலர் வழியாக எடுப்பது. கண்வளையத்தை உள்ளே இறக்கி, பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, செல்போன் கேமராவை ஒரு குழாயின் நேர் நடுவில் வையுங்கள். கருப்பு வட்டம் வந்தால் 2 மடங்குக்கு மாற்றுங்கள். படம் திடீர் திடீரென்று தாவினால் செல்போன் ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறுகிறது.  சரியாக வர அரை மணி நேரப் பழக்கம் வேண்டும். செல்போனை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான் வாங்கினால் அந்த அரை மணியும் மிச்சம்.

லென்ஸ் வாங்க முடிவெடுக்கும் முன், கிட்டே பறவை வரும் ஏரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். 100 மீட்டரை 50 ஆக்குவது லென்ஸை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம், கானலும் குறையும்.

அறிகுறி: எல்லாப் படத்திலும் அதே இடத்தில் புள்ளி

எஃப்/16-இல் வெறும் வானத்தை இரண்டு படம் எடுங்கள். புள்ளி இடம் மாறினால் அது கொசுவோ பறவையோ. மாறாவிட்டால் சென்சார் தூசி. மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் வசதி, பிறகு கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுகுழல். வாயால் ஊதக் கூடாது. அதற்கும் போகாத ஒட்டுத் தூசியைச் சர்வீஸில் ஈரமுறையில் எடுப்பார்கள்.

அறிகுறி: கேமரா ‘கார்டு பிழை’ என்கிறது

உடனே எடுப்பதை நிறுத்துங்கள். ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி, பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி, தனியாக எடுத்து வையுங்கள். மிச்ச நேரத்துக்கு வேறு கார்டு. வீட்டில் கார்டு ரீடர் வழியாகக் கணினி அதை அடையாளம் கண்டால் மீட்பு மென்பொருள் பெரும்பாலும் படங்களை எடுத்துக்கொடுத்துவிடும். கணினிக்கே தெரியவில்லை, படமும் முக்கியம் என்றால் தரவு மீட்பவரிடம் கொடுங்கள், நீங்களாக எதையும் எழுதிப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: படம் நன்றாக வந்திருக்கிறது, எந்தக் கொக்கு என்று தெரியவில்லை

எடுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டிலும் காலையும் சேர்த்து எடுக்காததுதான் காரணம். அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. ஆனால் சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, ஒரு அடி எடுத்து வைக்கும் வரை காத்திருங்கள். குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பக்கத்தில் திரிந்தால் உண்ணிக்கொக்கு. குழப்பம் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் இடையேதான். அலகின் நிறத்தை நம்பாதீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் கருக்கும். வாய்ப் பிளவின் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. இதற்குப் பக்கவாட்டு முகம் ஒன்று போதும், பின்பக்கம் எடுத்த நாற்பது படம் உதவாது.

அறிகுறி: பிள்ளைகளுக்குச் சலிப்பு

பைனாகுலர் பொருந்துகிறதா என்று மேலே சொன்னதை முதலில் பாருங்கள், சலிப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். அடுத்தது பசியும் வெயிலும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். மூன்றாவது, அவர்களுக்கு வேலை இல்லாதது. முக்குளிப்பான் ஒன்றைக் காட்டுங்கள். அது மூழ்கியதும் எண்ணத் தொடங்கச் சொல்லி, எங்கே மேலே வரும் என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் சொன்ன இடத்திலும் வராது, ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். பறவைப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

மதகுப் படியிலும் கலிங்கிலும் பாசி வழுக்கும், அங்கே சின்னவர்களின் கை உங்கள் கையில் இருக்கட்டும். புல் வளர்ந்த கரையில் மூடிய ஷூ, முழுக் கால்சட்டை. பாம்பு கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் குழந்தை வாந்தி எடுத்து, பேச்சுக் குழறி, மந்தமாகிவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்தபடியே அதே எண்ணை அழையுங்கள்.

அறிகுறி: லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ தெரிகிறது

பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கிளை கிளையாக நூல் பரவியிருந்தால் பூஞ்சை. வெளியே துடைத்துப் போகாது. ஆரம்பத்தில் கொடுத்தால் சர்வீஸில் சுத்தம் செய்துவிடுவார்கள். விட்டுவிட்டால் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும், அதன்பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். கடற்கரை ஊர்களில் தோல் உறையிலும் மூடிய பீரோவிலும் லென்ஸை வைக்கவே கூடாது. காற்றுப் புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஊசி 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: கரையில் அடிபட்ட பறவை

குஞ்சு என்றால் பெரும்பாலும் தாய் பக்கத்திலேயே இருக்கும். விலகி நின்று அரை மணி நேரம் பாருங்கள். தூண்டில் நரம்பில் சிக்கியிருந்தால் நரம்பை இழுக்காதீர்கள், முள் ஆழமாக இறங்கும். இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டு முள்ளை அப்படியே விடுங்கள். கொக்கையும் நாரையையும் தூக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அவை கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். தலைமேல் துண்டைப் போட்டு இருட்டாக்கினால் அடங்கிவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, தண்ணீரும் உணவும் கொடுக்காமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க முடியாது.

கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடக்கும் வாத்துகளோ, ஒன்றுக்கு மேற்பட்ட செத்த பறவைகளோ கண்ணில் பட்டால் யாரும் தொடக் கூடாது, நாயையும் நெருங்க விடக் கூடாது. தூரத்திலிருந்தே ஒரு படம், இடத்தின் அடையாளம், எத்தனை பறவை என்ற எண்ணிக்கை. இவற்றை வனத்துறைக்கோ கால்நடைப் பராமரிப்புத் துறைக்கோ அன்றைக்கே தெரிவித்துவிட்டு, ஷூவின் அடிப்பக்கத்தை வீட்டுக்கு வெளியிலேயே கழுவுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் உடையையும் மாற்றிக்கொண்டுதான் கூண்டுப் பக்கம் போக வேண்டும்.